கடந்து போகிறவனும் குடியிருந்தவனும்

ஓர் இடத்தைப் பற்றி உண்மை சொல்லும் தகுதி யாருக்கு அதிகம்? அதன் வழியாக நடந்து போனவனுக்கா, அதற்குள் குடியிருந்தவனுக்கா? கேட்ட மாத்திரத்தில் குடியிருந்தவனுக்குத்தான் என்று சொல்லத் தோன்றும். நம் விமர்சனமும் நெடுநாளாக இந்தப் பதிலைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லி வந்திருக்கிறது. அனுபவ உண்மை என்கிறோம், வாழ்ந்து பெற்றது என்கிறோம், ரத்தமும் சதையுமானது என்கிறோம். இந்த அளவுகோலைக் கொண்டு எத்தனையோ போலிகளைத் தோலுரிக்க முடிந்தது என்பதும் நிஜம். ஆனால் போலியைக் கண்டுபிடிக்க உதவும் அளவுகோல் அசலை அளக்கவும் போதுமானது என்று எந்த நியதியும் இல்லை.

இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்ப்பதற்குப் பாரீஸ் நகரத்தின் கண்ணாடிக் கூரையிட்ட பழைய கடைவீதிகள் தோதான இடம். ஒரே வகைக் கூரையின் கீழிருந்து நேரெதிரான சாட்சியங்கள் அங்கே வந்திருக்கின்றன. சொன்னவர்களில் ஒருவரைக்கூடப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. அதனாலேயே இந்த வழக்கு சங்கடமானது.

*

பிரெஞ்சில் இவற்றை 'பாஸாஜ்' என்பார்கள். கடந்து செல்லும் வழி என்று பொருள். தமிழில் 'கடவு' என்ற பழஞ்சொல் இதற்குச் சரியாகப் பொருந்தும். இன்று அது கடவுச்சீட்டில்தான் அதிகமாக உயிரோடிருக்கிறது. இரண்டு பெரிய தெருக்களுக்கு இடைப்பட்ட கட்டிடத் தொகுதியை ஊடறுத்துப் போகும் ஒடுங்கிய பாதை. இருபுறமும் கடைகள். கடைகளுக்கு மேலே சிறு அறைகள். எல்லாவற்றுக்கும் மேலே சட்டங்களில் பொருத்திய கண்ணாடி. இரு முனைகளிலும் கதவுகள், இரவானால் பூட்டிவிடுவார்கள்.

இவற்றில் மூத்தவை 18ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் வந்தன. பாஸாஜ் து கேர் 1798இலும், பாஸாஜ் தே பனோரமா 1800ஐ ஒட்டியும் திறக்கப்பட்டன. பெரும்பாலானவை 1820களிலிருந்து 1840கள் வரையில் எழுந்தவை. அன்றைய பாரீஸ் தெருவில் நடைபாதை என்பது அபூர்வம். சேறு, நடுத்தெருவில் ஓடும் சாக்கடை, முட்டித் தள்ளும் குதிரை வண்டிகள். பாதம் நனையாமல், வண்டிக்கு ஒதுங்காமல், நின்று நிதானமாகக் கடைக்குள் இருப்பதைப் பார்க்கலாம் என்பதே அன்றைக்குப் புதிய சுகம். நிலச் சொந்தக்காரனின் கணக்கு இன்னும் எளிமையானது. தெருவைப் பார்த்த நிலத்துக்குத்தான் கடை வாடகை வரும். உள்ளே முடங்கிக் கிடக்கும் பின்கட்டு நிலத்துக்கு வராது. நடுவே ஒரு பாதையைத் திறந்துவிட்டால் பின்கட்டெல்லாம் தெருவோரமாகிவிடும். பனோரமாவில் 1817 வாக்கில் காஸ் விளக்கு வந்தது. நூற்றாண்டின் மத்தியில் நகரத்தில் இப்படிச் சுமார் 150 கடவுகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

பிறகு இவை எதற்காகத் தோன்றினவோ அந்தக் காரணமே போய்விட்டது. 1853 முதல் 1870 வரை நகரத்தை நிர்வகித்த ஓஸ்மான் அகலமான பூல்வார்களை வெட்டினார், நடைபாதைகள் போட்டார். 1852க்குப் பிறகு பொன் மார்ஷே போன்ற பேரங்காடிகள் வளர்ந்தன. கடவுகள் மங்கின, சில இடிந்தன, சில இடிக்கப்பட்டன. இன்று இருபது சொச்சம் எஞ்சியிருக்கின்றன.

இடையில் ஒரு விசித்திரமான கனவும் நடந்தது. 1837இல் இறந்த ஃபூரியே என்ற சமதர்மக் கனவுக்காரர், தாம் கற்பித்த லட்சிய சமூகத்தின் குடியிருப்புக்கு இந்தக் கூரையிட்ட வீதிகளையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். மழையும் குளிரும் தீண்டாமல் மனிதர்கள் வீட்டுக்கு வீடு போய்வரலாம், கண்ணாடிக் கூரையின் கீழ் எல்லோரும் ஒன்றாக வாழலாம் என்று அவருக்குத் தோன்றியது. வியாபாரத்துக்காகக் கட்டிய வழியைக் குடியிருக்கும் வீடாக அவர் மாற்றிப் பார்த்தார். கடந்து போகிற ஒருவனுக்கு, இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றுகிற எண்ணத்தின் உச்சம் அது. உண்மையில் அங்கே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்க இன்னும் நூறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

*

முதலில் கடந்து போனவனின் சாட்சியம். லூயி அராகன் 1924லிலும் 1925லிலும் பத்திரிகையில் எழுதி, 1926இல் 'பாரீஸ் நாட்டுப்புறத்தான்' என்ற நூலாக வந்தது அது. அதன் முதற்பெரும் பகுதி 'பாஸாஜ் த லோபரா' என்ற கடவைப் பற்றியது. 1820களில் கட்டப்பட்ட அந்தக் கடவு, பூல்வார் ஓஸ்மானை நீட்டுவதற்காக 1925இல் இடிக்கப்பட்டது. அராகன் எழுதுகையில் அதன் மேல் மரணத் தேதி விழுந்துவிட்டிருந்தது. அங்கிருந்த 'செர்தா' என்ற மதுக்கடையில்தான் அவரும் அவருடைய டாடா நண்பர்களும் கூடிக்கொண்டிருந்தார்கள்.

அராகன் ஒவ்வொரு கடையாக நின்று பார்க்கிறார். கண்ணாடி வழியே இறங்கும் பச்சை வெளிச்சம் அவருக்குக் கடலடி வெளிச்சமாகிறது. கைத்தடிக் கடையின் காட்சிப் பெட்டிக்குள் ஒரு கடற்கன்னி நீந்துகிறாள். முடிதிருத்தும் கடை, தபால்தலைக் கடை, குளிக்கும் அறைகள் எல்லாம் ஒரு புதிய புராணத்தின் ஸ்தலங்களாகின்றன. இந்தப் பார்வை பொய்யல்ல. பழகிப்போன பொருளைப் பழக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்துக் காட்டுவது கவிஞனின் தொழில். அந்தத் தொழிலை அராகன் அபாரமாகச் செய்திருக்கிறார். கவிதையோடு நிறுத்திக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. நஷ்டஈடு போதாது என்று கடைக்காரர்கள் ஒட்டிய அறிவிப்புகளை அப்படியே தம் எழுத்துக்குள் ஒட்டிவைத்தார். கட்டிடக் கம்பெனியின் மேல் அவர்களுக்கிருந்த கோபம் அந்தப் பக்கங்களில் அச்சாகியிருக்கிறது.

இருந்தும் ஓரிடத்தில் உறுத்துகிறது. அந்தக் கடவில் உடலை விற்றுப் பிழைத்த பெண்களைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அவர்களிடம் போய்வந்ததைப் பற்றியும் எழுதுகிறார். அந்த விடுதியின் வாசலும் அவருக்கு அற்புதத்தின் வாசலாகவே இருக்கிறது. கடைக்காரனுக்கு அவன் ஒட்டிய அறிவிப்பாவது அந்த நூலில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு அதுவும் இல்லை. கடவு இடிபட்டபோது அவர்களுக்கு நஷ்டஈடு என்ற பேச்சே எழ நியாயமில்லை. கடந்து போகிறவனுக்கு இடிந்துகொண்டிருக்கும் இடம் அழகாக இருக்கிறது என்றால், அதற்கு அடுத்த மாதம் வேறு கூரை தேடவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை என்பதும் ஒரு காரணம்.

*

இனிக் குடியிருந்தவனின் சாட்சியம். 1827இல் திறக்கப்பட்ட பாஸாஜ் ஷ்வாஸெல் இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ 190 மீட்டர் நீளம். இலக்கியத்துக்குப் புதிய இடமும் அல்ல. பர்நாஸியக் கவிஞர்களின் பதிப்பாளர் லெமேர் அங்கேதான் கடை வைத்திருந்தார். வெர்லேனின் முதல் கவிதை நூல் 1866இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. ஆஃபன்பாக்கின் இசை நாடகங்கள் அரங்கேறிய கொட்டகைக்கு அந்தக் கடவிலிருந்து ஒரு வாசல் உண்டு.

1899இல், லூயி-ஃபெர்தினான் தெதூஷ் என்ற ஐந்து வயதுப் பையன் பெற்றோரோடு அங்கே குடிவந்தான். அம்மா பழைய லேஸ் துணிகளைச் செப்பனிட்டு விற்றாள். அப்பா ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. 1907 வரை அங்கே இருந்தார்கள். பையன் பிற்பாடு டாக்டரானான். செலின் என்ற பெயரில் நாவலாசிரியனும் ஆனான். 1936இல் வந்த 'தவணை மரணம்' என்ற நாவலில் அந்தக் கடவுக்கு அவர் வைத்த பெயர் பெரெஸினா. 1812இல் நெப்போலியனின் படை சிதறிச் செத்த நதியின் பெயர் அது. பிரெஞ்சுக்காரர்களின் பேச்சில் பேரழிவுக்கே இன்னொரு சொல்.

அந்த நாவலில் கடற்கன்னி இல்லை. காஸ் நாற்றம் இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்கும் காற்று இருக்கிறது. நாய்களும் குழந்தைகளும் சிறுநீர் கழித்த மூலைகள் இருக்கின்றன. கடையும் வீடும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அறைகள். அவற்றை ஒரு திருகு படிக்கட்டு இணைக்கிறது. நொண்டிக்கொண்டே சுமையோடு வாடிக்கையாளர் வீடுகளுக்கு அலையும் தாய். ஆபீஸில் பட்ட அவமானத்தை இரவில் கத்தித் தீர்க்கும் தகப்பன். அவர்கள் வீட்டுச் சாப்பாடு வேகவைத்த நூடுல்ஸ். அதைத் தவிர வேறொன்றையும் அங்கே சமைக்க முடியாது. ஏனென்றால் லேஸ் எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். வாசனை ஏறிய லேஸை எவளும் வாங்கமாட்டாள். நூடுல்ஸுக்கு வாசனை கிடையாது.

கடந்து போகிற எவனாலும் இந்த நூடுல்ஸை எழுதியிருக்க முடியாது. கடை ஜன்னலில் லேஸைப் பார்க்கலாம். அதன் வேலைப்பாட்டை வியக்கலாம். மறைந்த ஒரு காலத்தின் மூச்சு அதில் இருப்பதாகவும் சொல்லலாம். அந்த லேஸ் ஒரு குழந்தையின் தட்டில் என்ன விழவேண்டும் என்பதைத் தீர்மானித்தது என்று தெரிய, திருகு படிக்கட்டுக்கு மேலே இருந்திருக்க வேண்டும். விற்பனைப் பொருள் மனிதனை எப்படி ஆள்கிறது என்று தத்துவக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்குவது இங்கே ஒரு தட்டில் வந்துவிடுகிறது. ஃபூரியேவின் கனவுக்கு இதைவிடக் கடுமையான பதில் வேறு இல்லை.

ஆகவே வழக்கு முடிந்தது, குடியிருந்தவன் ஜெயித்தான் என்று எழுந்து போய்விடலாம். இங்கே எழுந்து போவதுதான் நமது வழக்கம்.

*

நாவல் வந்த மறுவருஷம், 1937இல், செலின் வேறொரு புத்தகம் வெளியிட்டார். அது யூதர்களுக்கு எதிரான வசைநூல். 1938இல் இன்னொன்று, 1941இல் மற்றொன்று. முதல் நூல் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்திலும் மறுபதிப்புக் கண்டது. அதே பாரீஸில் 1942 ஜூலை மாதம் இரண்டே நாளில் சுமார் 13,000 யூதர்களைப் போலீஸ் வளைத்துப் பிடித்தது. 1944இல் செலின் ஜெர்மனிக்குத் தப்பி, அங்கிருந்து டென்மார்க் போய்ச் சிறையிலிருந்தார். 1950இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவர் இல்லாமலே தண்டனை கொடுத்தது. 1951இல் மன்னிப்புக் கிடைத்தது. 1961இல் இறந்தார்.

மனிதன் வேறு, எழுத்து வேறு என்று இந்த இடத்தில் பிரித்துவிடுவது சௌகரியம். அந்தச் சௌகரியம் இங்கே கிடைக்காது. வசைநூலில் இருப்பது வேறொரு குரல் அல்ல. நாவலின் அதே மூச்சிரைப்பு, அதே முற்றுப்பெறாத வாக்கியம், அதே புள்ளிகள். இன்னும் முக்கியமாக, அதே காயம். நாவலில் வரும் தகப்பன் தன் வீழ்ச்சிக்குக் காரணம் ஃப்ரீமேசன்களும் யூதர்களும் என்று கத்துகிறான். அங்கே அது ஒரு பாத்திரத்தின் நோய், மகன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நமக்கும் காட்டுகிறான். மறுவருஷம் மகன் தானே அந்தக் குரலில் பேச ஆரம்பிக்கிறான்.

என்ன நடந்தது? கடவில் குடியிருந்தவனுக்குத் தன் வாழ்க்கை நசுங்கியது தெரியும். நசுங்கிய விதம் எவரைவிடவும் நன்றாகத் தெரியும். ஆனால் எதனால் நசுங்கியது என்பது கடவுக்குள் இல்லை. கையால் செய்த லேஸைக் கொன்றது இயந்திர லேஸ். அந்த இயந்திரங்கள் காலேயிலும் நாட்டிங்ஹாமிலும் ஓடின. சிறு கடையைக் கொன்றது பேரங்காடி. அதன் கணக்கு வேறு மாளிகையில் எழுதப்பட்டது. தெருவின் ஜனநடமாட்டத்தைத் திருப்பிவிட்டது நகர நிர்வாகத்தின் வரைபடம். இவற்றில் எதையும் திருகு படிக்கட்டில் நின்று பார்க்க முடியாது. அனுபவம் கைகாட்டாத இடத்தில் ஏற்கனவே தயாராக இருந்த ஒரு பொய் வந்து உட்கார்ந்துகொண்டது. 1886இல் திரியூமோன் எழுதிப் பரப்பிய யூத வெறுப்பு அந்த வட்டாரத்துச் சிறு வியாபாரிகளிடம் எளிதாகச் செலாவணியானதற்கு இதுவும் ஒரு காரணம். வலி உண்மை. அதற்குச் சொன்ன காரணம் பொய். வலியின் உண்மை காரணத்துக்கும் உண்மைபோன்ற ஒரு சூட்டைக் கொடுத்துவிட்டது. பட்டவன் சொல்கிறான், பொய்யா சொல்வான் என்ற நம் மரியாதையே பொய்க்கு வாகனமாகிவிட்டது.

வலியைச் சொன்னதிலும் ஒரு கூட்டல் உண்டு. பெற்றோர் நாவலில் வருகிற அளவுக்குத் தரித்திரத்தில் இல்லை என்று செலினின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பாஷை கற்றுவரப் பையனை ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்ப அவர்களால் முடிந்தது. நாவலாசிரியன் மிகைப்படுத்தியது குற்றமில்லை, அது சிருஷ்டி. ஆனால் குடியிருந்தவன் சொல்வதும் சிருஷ்டிதான் என்பதை மறந்துவிட்டு அதைப் பிரமாணப் பத்திரமாகக் கையில் வாங்கிக்கொள்கிறோமே, அது நம் குற்றம்.

இது ஒரு கெட்ட மனிதனின் கதை, இதிலிருந்து பொது விதி எடுக்கக்கூடாது என்று ஒருவர் சொல்லலாம். அதே கடவில் அதே காற்றைச் சுவாசித்து வளர்ந்து யாரையும் வெறுக்காமல் செத்துப்போனவர்கள் நிச்சயம் இருப்பார்கள். நான் சொல்ல வருவதும் அதுதான். ஒரே அனுபவம் ஒருவனை நியாயத்துக்கும் மற்றவனை வெறுப்புக்கும் கொண்டுபோகுமானால், நியாயத்தின் ஊற்று அனுபவத்தில் இல்லை. சாட்சி சொல்வது ஒரு காரியம், தீர்ப்புச் சொல்வது வேறொரு காரியம். முதலாவதில் பெற்ற நேர்மை இரண்டாவதுக்குத் தானாகக் கைமாறுவதில்லை.

*

பாஸாஜ் ஷ்வாஸெலின் வாசல் இருக்கும் தெரு தேசிய நூலகத்தின் பழைய கட்டிடத்தை ஒட்டிப் போகிறது. சில நிமிஷ நடை. 1936இல் செலினின் நாவல் கடைகளுக்கு வந்தபோது, அந்த நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் ஒரு ஜெர்மானிய யூதர் உட்கார்ந்து பாரீஸ் கடவுகளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வால்டர் பெஞ்சமின். 1927இல் நண்பர் ஃபிரான்ஸ் ஹெஸலோடு சேர்ந்து ஒரு பத்திரிகைக் கட்டுரையாக எழுதத் திட்டமிட்டது, பதின்மூன்று வருஷம் வளர்ந்துகொண்டே போயிற்று. அராகனின் நூலைப் படுக்கையில் படிக்க ஆரம்பித்தால் இரண்டு மூன்று பக்கத்துக்குள் இதயம் அடித்துக்கொள்ளும், மூடிவைத்துவிட வேண்டியிருக்கும் என்று 1935இல் ஒரு கடிதத்தில் சொன்னவர். செலினையும் அறிந்தவர். 1934இல் பிரெஞ்சு எழுத்தாளரின் சமூக நிலை பற்றிய கட்டுரையில் அவருடைய முதல் நாவலைப் பேசினார். 1938இல் போதலேர் பற்றி எழுதுகையில் அந்த வசைநூலையும் குறிப்பிட்டார்.

பெஞ்சமினும் கடந்து போகிறவர்தான். எந்தக் கடவிலும் அவர் கடை வைத்ததில்லை. ஆனால் அராகனிடம் அவர் கண்ட குறை முக்கியமானது. அராகன் கனவுக்குள்ளேயே தங்கிவிடுகிறார், நான் தேடுவது விழிப்பு என்பது அவர் நிலை. விழிப்பதற்கு அவர் கையாண்ட வழி ஆடம்பரமில்லாதது. விளம்பரங்கள், வழிகாட்டிப் புத்தகங்கள், கட்டிடக் கலைக் குறிப்புகள், மறந்துபோன நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றை அவர் பொறுக்கினார். இரும்பு, ஃபேஷன், கண்காட்சி, வேசி, சூதாட்டம், வெளிச்சம் என்று தலைப்பிட்டு 36 கட்டுகளாக அடுக்கினார். குப்பை பொறுக்குகிறவனைத் தன் தொழிலுக்கு உவமையாக அவர் நினைத்தது பணிவுக்காக அல்ல என்று எனக்குப் படுகிறது. குப்பை பொறுக்குகிறவன் எதையும் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. கையில் கிடைத்தது யாருடையது, எங்கிருந்து விழுந்தது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

இதுதான் மூன்றாவது நிலை. நடந்து போவதும் இல்லை, குடியிருப்பதும் இல்லை, விசாரிப்பது. காரணம் கடவுக்குள் இல்லையென்றால், எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேடுவது. சலிப்பூட்டும் வேலை. உடனே சூடேறாத வேலை. கவிஞனின் மின்னலும் அதில் இல்லை, பாதிக்கப்பட்டவனின் அதிகாரமும் அதில் இல்லை. பெஞ்சமினிடமும் குறைகள் உண்டு. குறிப்புகளை வெறுமனே அடுக்கிவைத்தால் பொருள் தானாகப் பேசிவிடாது என்று அடோர்னோ 1938இல் கடுமையாகவே எழுதினார். அது நியாயமான குறை. ஆனால் பெஞ்சமினின் தயக்கத்தில் ஒரு அறமும் இருந்தது என்று நினைக்கிறேன். எதனால் என்ற கேள்விக்கு ஒரே வீச்சில் பதில் சொன்னவர்கள் அந்தப் பத்தாண்டில் தெருவெல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே ஒரு மனிதர், பதிலைத் தள்ளிப்போட்டு, இன்னும் ஒரு தாளை எடுத்து எழுதிவைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஒதுக்கமும் வெகுநாள் நீடிக்கவில்லை. 1933இலிருந்தே அகதி. 1939இல் யுத்தம் தொடங்கியதும் ஜெர்மானியர் என்பதற்காகவே பிரெஞ்சு அரசு அவரை முகாமில் அடைத்தது. 1940 ஜூனில் பாரீஸைவிட்டு ஓடியபோது கடவுகளைப் பற்றிய கையெழுத்துப் பிரதிகளை ஜார்ஜ் பத்தாயிடம் ஒப்படைத்தார். பத்தாய் அவற்றை அதே தேசிய நூலகத்தில் மறைத்துவைத்தார். அந்தச் செப்டம்பரில் பெஞ்சமின் மலையேறி ஸ்பெயின் எல்லையில் உள்ள போர்ட்போ ஊரை அடைந்தார். பிரான்ஸை விட்டு வெளியேறும் அனுமதி இல்லை என்று அங்கே தடுத்தார்கள். 26ஆம் தேதி இரவு அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். கடவுகளைப் பற்றிப் பதின்மூன்று வருஷம் எழுதியவருக்குக் கடவு மறுக்கப்பட்டது. இதை விதியின் விளையாட்டு என்று ரசிக்க மனம் கூசுகிறது. தடுத்தது விதி அல்ல. ஒரு அரசாங்கத்தின் உத்தரவு, அதை அமல்படுத்திய ஒரு அலுவலகம். நூல் 1982இல்தான் ஜெர்மன் மொழியில் முழுதாக அச்சேறியது.

கடந்து போகிறவன் பாதுகாப்பானவன், குடியிருப்பவன்தான் விலை கொடுக்கிறவன் என்ற கணக்கையும் இது குலைத்துவிடுகிறது. செலினிடம் வீட்டுச் சாவி இருந்தது. பெஞ்சமினிடம் நூலகத்தின் வாசகர் சீட்டு இருந்தது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது நம்மை நல்லவர்களாக்கவில்லை.

*

இவ்வளவு பேசியும் நீதிமன்றத்துக்கு வராத சாட்சிகள் மிச்சமிருக்கிறார்கள். கடைகளுக்கு லேஸ் பின்னிக் கொடுத்த பெண்கள், கூரைக் கண்ணாடியைத் துடைத்தவர்கள், இரவில் கதவைப் பூட்டிய காவற்காரர்கள். அராகன் அவர்களுடைய மொழி தெரியாமல் கடந்து போனார். செலின் தன் வீட்டின் சுவர்வரை கேட்டார். பெஞ்சமினுக்கு நூலகத்தில் எது கிடைத்ததோ அதுவே எல்லை. எழுதிவைக்காதவர்களின் தாள் நூலகத்தில் இருக்காது.

இது முடிந்துபோன ஒரு நூற்றாண்டின் பிரச்னை அல்ல. பாரீஸின் பத்தாவது வட்டாரத்தில் பாஸாஜ் பிராடி என்று ஒரு கடவு இருக்கிறது. 1828இல் கட்டியது. 1850களில் ஸ்ட்ராஸ்பூர் பூல்வாரை வெட்டியபோது இரண்டு துண்டாகிவிட்டது. ஒரு துண்டுக்குக் கண்ணாடிக் கூரை இன்னும் உண்டு. மற்றது திறந்த வானத்தின் கீழ். 1970களில் புதுச்சேரியிலிருந்து போன ஒரு சமையற்காரர் அங்கே உணவகம் திறந்தார். அதன்பின் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் என்று நம் பக்கத்து உணவகங்களும் மளிகைக் கடைகளும் முடிதிருத்தும் கடைகளும் அங்கே நிறைந்தன. ஒரு காலத்தில் சமையல் வாசனைக்குப் பயந்து நூடுல்ஸ் தின்ற வீடு ஒரு கடவில். மசாலா வாசனையையே விற்றுப் பிழைக்கும் வீதி இன்னொரு கடவில். கடந்து போகிற பிரெஞ்சுக்காரனுக்கு அது கிழக்கின் மணம். அங்கே போய் நிற்கும் தமிழ் எழுத்தாளனுக்கு ஊர் ஞாபகம். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் பையனுக்கு அது என்னவென்று அவன்தான் சொல்ல வேண்டும்.

அவன் ஒருநாள் எழுதுவான். எழுதும்போது நாம் அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். அவனுக்கு மட்டுமே தெரிந்த நூடுல்ஸை, அதாவது வெளியிலிருந்து எவனும் பார்க்க முடியாததை, அவனிடமிருந்து கற்க வேண்டும். அதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதாக நினைத்தால் அவனை மதித்ததாகாது. எதனால் என்று அவன் சொல்லும் பதிலையும், அவன் பட்டவன் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் விடுவது ஒருவகைத் தாழ்த்தல்தான். சக எழுத்தாளனிடம் கேட்பதை அவனிடமும் கேட்க வேண்டும். யாரைக் குற்றம் சாட்டுகிறாய்? எதைப் பார்த்து அறிந்தாய்?

வெறுமனே கடந்து போகிற நம்மிடமும் அவன் திருப்பிக் கேட்கலாம். இந்த இடம் உனக்கு இவ்வளவு அழகாக இருப்பதற்கு யார் வாடகை கொடுக்கிறார்கள் என்று. அனுபவ உண்மை என்ற நம் அளவுகோல் இந்த இரண்டு கேள்விகளில் எதற்கும் பதில் சொல்லாது. அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. போலியைப் பிடிக்கும் வேலைக்கு அது இருக்கட்டும். நியாயத்தை அளக்கும் வேலையை அதனிடம் கொடுத்துவிட்டு நாம் தூங்கப் போகக்கூடாது.